ராத்தாவின் பெயரில் ஒரு வீடு

“ராத்தாக்குக் காசு கிடைக்கணும் எண்டா இந்தப் பாடு படுறாய், இல்லாட்டி அவட வூடு உனக்குக் கிடைக்கணும் எண்டா?”

சாச்சி இதை எங்கள் குசினி வாசலில் நின்று கேட்டார். உம்மா மீன் அறுத்துக்கொண்டிருந்தார். தன் தங்கை என்னைப் பார்த்துக் கேட்ட அந்தக் கேள்விக்கு அவர் நிமிரவில்லை. அப்படிக் கேட்காதே என்றும் சொல்லவில்லை.

ராத்தா என் அக்கா, என்னைவிட ஏழு வயது மூத்தவர். பிறந்ததிலிருந்து அவருடைய இரண்டு கால்களும் வலது கையும் இயங்காது. பேச்சு மெதுவாக வரும், ஆனால் தெளிவாக வரும். அவரைத் தூக்கி இருத்துவது, குளிப்பாட்டுவது, ஊட்டுவது எல்லாம் உம்மாதான். உம்மாவின் இடுப்பும் இப்போது பழைய இடுப்பில்லை.

எங்கள் ஊர்களில் வீடு பெண்பிள்ளைக்குத்தான், அதுவும் மூத்தவளுக்கு முதலில். வாப்பா கடலுக்குப் போய் உழைத்துக் கல்முனைக்குடியில் கட்டிய வீட்டை ராத்தாவின் பெயருக்கே உறுதிப் பத்திரம் எழுதினார். மாப்பிள்ளை வராத பிள்ளைக்கு எதற்கு வீடு என்று கேட்டவர்களிடம், “மூத்தவ மூத்தவதான்” என்று மட்டும் சொன்னார். வாப்பா மௌத்தாகி நாலு வருடம். அதற்குப் பிறகு என் சின்னச் சம்பளத்தில்தான் மூன்று பேரும் இருக்கிறோம்.

மாற்றுத்திறனாளிகளுக்கான மாதக் கொடுப்பனவுக்கு ராத்தாவின் விண்ணப்பத்தை நிரப்பியது நான். எங்கள் குடும்பத்தில் பெருவிரல் அடையாளம் வைக்காமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான். பள்ளிக்கூடம் முடித்துக் கம்பஸுக்குப் போனதும் நான் மட்டும்தான். விண்ணப்பம் எழுதிக் கொடுப்பவர்கள் பிரதேச அலுவலகத்துக்கு முன்னால் இருக்கிறார்கள். அவர்கள் பக்கம் நான் திரும்பியும் பார்க்கவில்லை.

மூன்று மாதம் கழித்துக் கடிதம் வந்தது. விண்ணப்பதாரிக்குச் சொந்த வீடு இருப்பதால் பரிந்துரைக்கவில்லை என்று இருந்தது.

வீட்டைப் பற்றி அவர்களுக்கு யார் சொன்னது? என் சந்தேகம் நேராகச் சாச்சியிடம் போனது. விசாரிக்க வந்த உத்தியோகத்தர் திரும்பிப் போகும்போது சாச்சி வீட்டில் தேத்தண்ணி குடித்ததை நான் கண்டிருந்தேன். இரண்டு கிழமை சாச்சியோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. பிறகு அலுவலகத்துக்குப் போனேன். அங்கே மேசையில் இருந்த உத்தியோகத்தர் விண்ணப்பக் கோவையைத் திறந்து என் பக்கம் திருப்பினார். உள்ளே உறுதியின் போட்டோக் கொப்பி. எங்களை ஒன்றுமில்லாதவர்கள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக, ஒருவரும் கேட்காமலே நான்தான் அதை இணைத்திருந்தேன்.

அவர் குரலைத் தாழ்த்தினார். “தங்கச்சி, வீட்ட உங்கட பேருக்கு மாத்திட்டுப் புதுசா ஒண்டு போடுங்க. பிறகு பிரச்சின வராது.”

“இத எழுதித் தருவீங்களா, சேர்?”

“இதெல்லாம் எழுதித் தாற விசயமா?”

எழுதித் தர முடியாத ஆலோசனையை நான் நம்புவதில்லை. ஆனாலும் வீட்டில் வந்து அவர் சொன்னதை அப்படியே சொன்னேன். அன்றைக்குத்தான் சாச்சி அந்தக் கேள்வியைக் கேட்டார்.

அடுத்த நாள் காலை, உறுதி வைத்திருந்த பிஸ்கட் டின் அலுமாரியில் இல்லை.

“உம்மா, டின் எங்க?”

“உனக்கு என்னத்துக்கு?”

மேன்முறையீட்டுக்கு உறுதி இலக்கம் வேண்டும் என்று சொல்லியிருக்கலாம். அலுமாரியை மூடினேன். அந்தக் கிழமைதான் எனக்கொரு கலியாணப் பேச்சு வந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டார் முதலில் கேட்டதே வீட்டைப் பற்றித்தான். வீட்டை மாற்றுங்கள் என்று அந்த உத்தியோகத்தர் சொன்ன நேரம் அது என் நினைவுக்கு வந்ததா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். வந்தது.

ராத்தாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

“நீ என்னத் தள்ள மாட்டாய்,” என்றார். “உண்ட மாப்பிள்ள?”

“அவரும் தள்ள மாட்டார்.”

“ஆளப் பாத்திட்டியா?”

“இல்ல.”

“பாக்காத மனிசனுக்குச் சாட்சி சொல்லுறாய். நல்ல படிப்புத்தான்.”

ராத்தா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று பின்னேரம் விண்ணப்பப் படிவத்தின் பின்பக்கத்தை மூன்று தரம் வாசித்தேன். தகுதி என்று போட்டிருந்த இடத்தில் வருமானம் இருந்தது, மற்றவரின் உதவியில்லாமல் அன்றாட வேலைகளைச் செய்ய முடியாமை இருந்தது. வீடு என்ற சொல்லே இல்லை. குடியிருக்கிற வீடு யாருக்கும் சோறு போடாது. அதைத்தான் மேன்முறையீட்டில் எழுதினேன். வீடு ராத்தாவின் பெயரில் இருக்கிறது, இனியும் அவர் பெயரில்தான் இருக்கும் என்றும் எழுதினேன். உம்மாவின் கை ஒரு நாளில் ராத்தாவுக்கு எத்தனை வேலை செய்கிறது என்பதைக் காலையிலிருந்து வரிசையாகச் சேர்த்தேன்.

உம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். முழுவதையும் கேட்டுவிட்டு, கடிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு சாச்சி வீட்டுக்குப் போனார். சாச்சியின் மகள் பத்தாம் ஆண்டு படிக்கிறாள். அரை மணித்தியாலத்தில் உம்மா திரும்பி வந்தார்.

“வூட்ட மாத்திறது எண்டு ஒண்டும் இல்லயாம்.”

“நான்தான் வாசிச்சுக் காட்டினேனே, உம்மா.”

“எழுதினதும் நீ, வாசிச்சதும் நீ.”

அதற்குப் பிறகுதான் ராத்தாவின் இடது பெருவிரலை மையில் தொட்டுக் கடிதத்தில் வைக்க விட்டார். விரலை உம்மாவே பிடித்து வைத்தார். என்னைத் தொட விடவில்லை.

அலுவலகத்தில் கடிதத்தை அதே உத்தியோகத்தரிடம் கொடுத்து, என் பிரதியில் திகதியோடு சீல் அடித்துத் தரச் சொன்னேன்.

“அது என்னத்துக்கு?”

“கடிதம் வரல்ல எண்டு நாளைக்குச் சொன்னா?”

அவர் சீலை அழுத்தினார். திகதி சரியா என்று அங்கேயே நின்று பார்த்தேன்.

நேற்று இன்னொரு பிரதியை மாவட்ட அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். விசாரணைக்கு ராத்தாவைப் பார்க்க யார் வருகிறார், எந்த நாள் வருகிறார் என்பதை முன்கூட்டியே எழுத்தில் அறிவிக்கும்படி அதோடு வைத்த குறிப்பில் கேட்டிருக்கிறேன்.