கோபி அண்ணன் கொடுத்த காப்பி

நான் ஐந்தாம் வகுப்பு முழுப்பரீட்சை எழுதிக்கொண்டிருந்தபோது எங்கள் குப்பத்துக்கு எதிரே கடலில் ஒரு கப்பல் வந்து நின்றது. திருவொற்றியூர்க் கரையில் கப்பல் தெரிவது பெரிய விஷயமில்லை. துறைமுகத்தில் இடம் கிடைக்கும்வரை நாலைந்து கப்பல்கள் எப்போதும் காத்துக்கொண்டிருக்கும். இடம் கிடைத்ததும் போய்விடும். இந்தக் கப்பல் மட்டும் போகவில்லை. ஆறாம் வகுப்புக் காலாண்டுப் பரீட்சை முடிந்தும் அதே இடத்தில், அதே துருப்பிடித்த வயிற்றோடு நின்றது.

என் நைனாவும் சித்தப்பாவும் ஒரே பைபர் படகில் தொழில் செய்தார்கள். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். ஒருநாள் மீன் பிடித்துவிட்டுத் திரும்பும்போது அந்தக் கப்பலின் மேலிருந்து சிலர் காலி டின்னைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினார்களாம். தண்ணீர் இல்லை என்பதைப் புரிந்துகொள்ள எந்தப் பாஷையும் தேவைப்படவில்லை. கப்பல் முதலாளி கைகழுவிவிட்டார், போனை எடுப்பதில்லை, சம்பளம் வந்து மாதக்கணக்காகிறது, கரையில் இறங்கவும் அனுமதி இல்லை என்ற மற்ற விவரங்களைச் சித்தப்பா கேட்டுக்கொண்டு வந்து சொன்னார். சித்தப்பா பத்தாவது வரை படித்தவர். வெள்ளைக்காரனே வந்தாலும் பேசிச் சமாளித்துவிடுவேன் என்பார். பேசுவார் என்பது உண்மை.

அன்றிலிருந்து இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை எங்கள் படகில் தண்ணீர் கேன் ஏறியது. அம்மா மீன் கூடையை மார்க்கெட்டுக்குத் தூக்குவதற்கு முன் ஒரு பங்கை எடுத்துத் தனியாக வைப்பாள். அதோடு அரிசி, கொஞ்சம் பச்சைமிளகாய், என்றைக்காவது ஒரு பூசணிக்காய். "கப்பல் பக்கம் போய்வந்தா கடத்தல் கேசுன்னு புட்ச்சிகினு போவான், உனக்கு இன்னாத்துக்கு இந்த பேஜாரு?" என்று பக்கத்து வீட்டு மாமா நைனாவை எச்சரித்தார். நைனா அதிகம் பேசுகிற ஆள் இல்லை. "தண்ணி இல்லன்னு காட்றான் மாமு. பாத்துட்டு எப்டி வர்றது?" என்றார்.

கப்பலில் ஏழு பேர் இருந்தார்கள். அவர்களில் சமையல்காரர் இந்தோனேசியாக்காரர். கயிற்றில் வாளியைக் கட்டி இறக்கி எங்கள் சாமான்களை ஏற்றிக்கொள்கிறவர் அவர்தான். ஒருநாள் வாளி காலியாக வராமல், உள்ளே ஒரு சிறிய துணிப்பையோடு இறங்கியது. மேலிருந்து அவர் இரண்டு கையாலும் வாய்க்குக் கொண்டுபோவது போலக் காட்டி, "கோப்பி, கோப்பி" என்றாராம்.

"அவன் பேரு கோபி," என்று சித்தப்பா வீட்டில் வந்து அறிவித்தார். "அந்த ஊர்லயும் கோபின்னு பேர் வெக்கிறாங்க பாரேன்!" அந்த நிமிடத்திலிருந்து அவர் எங்களுக்குக் கோபி அண்ணன் ஆனார்.

பையைப் பிரித்தால் உள்ளே ஏதோ விதை. பச்சையும் சாம்பலும் கலந்த நிறம், நடுவில் ஒரு கோடு. எங்கள் வீட்டில் எப்போதும் டீதான். வாயைக் காட்டிக் கொடுத்திருக்கிறார் என்றால் தின்கிற பண்டம்தானே? அம்மா அதில் நாலு பிடியை வேர்க்கடலை மாதிரி உப்புப் போட்டு வேகவைத்தாள். வெந்துகொண்டே இருந்தது.

"கல்லு மாதிரி கீது. ஒரு கிருஷ்ணாயில் டின்னே தீந்துடும் போல," என்று அம்மா அலுத்துக்கொண்டாள்.

சித்தப்பா மட்டும் கோபி அண்ணனின் மரியாதையைக் காப்பாற்றுவதற்காக ஒரு கைப்பிடியை வாயில் போட்டு, கண்ணில் நீர் வர மென்று விழுங்கினார். "ஒடம்புக்கு நல்லது. மூலிகை," என்றார். நான் ஒன்றைக் கடித்துப் பார்த்துத் துப்பிவிட்டேன்.

ஆனால் அந்தக் கோடு மனதில் நின்றுவிட்டது. அதை எங்கோ பார்த்திருக்கிறேன். இரண்டு நாள் கழித்துப் பள்ளிக்கூடம் போகிற வழியில், காலடிப்பேட்டை மார்க்கெட் முனையில் இருந்த காப்பித்தூள் கடை வாசலில் என் கால் தானாக நின்றது. சாக்கு மூட்டையின் வாயைச் சுருட்டிவைத்து, உள்ளே இருப்பது தெரிகிற மாதிரி வைத்திருப்பார் கடைக்காரர். நிறம் வேறு, கோடு அதே கோடு.

மறுநாள் ஒரு கைப்பிடியைக் கைக்குட்டையில் முடிந்து எடுத்துப் போனேன். கடைக்காரர் குண்டான மனிதர், மூக்குக்கண்ணாடி எப்போதும் நெற்றியில் இருக்கும். கைக்குட்டையைப் பிரித்தவர் கண்ணாடியைக் கீழே இறக்கினார். ஒரு விதையை உள்ளங்கையில் உருட்டினார், முகர்ந்தார், பல்லில் வைத்து உடைத்தார்.

"யாரும்மா குடுத்தா இத?"

"கப்பல்ல கோபி அண்ணன்."

நான் முழுக் கதையையும் சொன்னேன். அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "அது அவன் பேரு இல்லம்மா. அவங்க ஊர்ல காப்பிய அப்படித்தான் சொல்லுவாங்க."

பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, பெரியவர்களிடம் பேசுவதுபோல என்னிடம் பேசினார். இந்தக் கடை வைப்பதற்கு முன் அவர் குடகுப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் பத்து வருடம் மேஸ்திரியாக இருந்தவர். அங்கே மரநாய் என்று ஒரு பிராணி உண்டாம். பூனை மாதிரி இருக்கும், மரமேறும். காப்பிப் பழத்தில் நன்றாகக் கனிந்ததை மட்டும் பொறுக்கித் தின்னும். சதை செரித்துவிடும், கொட்டை செரிக்காமல் அப்படியே வெளியே வந்துவிடும். அதைப் பொறுக்கி, கழுவி, காயவைத்தால் இது.

"வாசன வித்தியாசமா இருக்கு பாரு. எனக்குத் தெரிஞ்சு இது அதுதான். உலகத்துலயே இதுக்குமேல வெல ஒசந்த காப்பி கெடையாதுன்னு சொல்றாங்க. ராஜா வீட்லதான் குடிப்பாங்க."

அவர் நினைத்திருந்தால், ஏதோ மட்டமான விதை, கொண்டுவந்து போட்டுவிட்டுப் போ என்று பதினோரு வயதுப் பெண்ணிடம் சொல்லியிருக்கலாம். உண்மையை முழுதாகச் சொல்லி முடித்த பிறகுதான், தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்: "உங்க வீட்ல வேணாம்னு சொன்னா எனக்குக் குடுக்கச் சொல்லு. வருஷம் பூரா உங்களுக்குக் காப்பித்தூள் நான் தரேன்."

அன்று மாலை வீட்டில் நான் சொன்னதைக் கேட்டதும் முதலில் எழுந்து ஓடியவர் சித்தப்பா. அலைத்தடுப்புக் கற்களைத் தாண்டி இறங்கி, கடல் தண்ணீரை அள்ளி அள்ளி வாய் கொப்பளித்துவிட்டு வந்தார். அவர் உட்கார்ந்ததும் அம்மா அடக்கிவைத்திருந்த சிரிப்பு வெடித்தது. "மூலிகை! மூலிகை!" என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு விக்கல் வந்துவிட்டது.

சிரிப்பு அடங்கியதும் சண்டை வந்தது. ராஜா வீட்டுப் பண்டத்தை நாம் வைத்துக்கொண்டு என்ன செய்வது, கடைக்காரரிடமே கொடுத்துவிடலாம் என்றார் சித்தப்பா. நைனா தலையை ஆட்டினார்.

"பாவம், இன்னா வெலன்னு தெரியாம குட்த்துட்டான். திருப்பிக் குட்த்துடணும். ஊருக்குப் போறப்ப அவனுக்கு ஒதவும்."

எனக்கும் அதுவே நியாயமாகப் பட்டது. கோபி அண்ணன் ஒன்றும் தெரியாத அப்பாவி என்று எனக்குள் முடிவே செய்துவிட்டேன். அவருடைய அப்பாவித்தனத்தை நினைத்து எனக்குக் கொஞ்சம் பெருமிதம்கூட.

முடிவைச் சொன்னவள் அம்மாதான். மீன் விற்றுப் பழகிய குரலில் ஒரே மூச்சில் சொன்னாள். "குட்த்தத திருப்பிக் குட்த்தா அவுரு மூஞ்சி இன்னாத்துக்கு ஆவும்? வறுத்து அரச்சி எடுத்துகினு போ. ஏழு பேருக்கும் போட்டுக் குடு, நீங்களும் குடிங்கோ. மிச்சத்த அங்கயே வுட்டுட்டு வா."

நான் போய்ச் சொன்னதும் காப்பிக்கடைக்காரர் சனிக்கிழமை மத்தியானம் கடையில் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து வரச்சொன்னார். இவ்வளவு கொஞ்சத்துக்கு வறுக்கிற உருளை சரிப்படாது என்று, வீட்டிலிருந்து இரும்புச் சட்டி கொண்டுவந்து, நின்றுகொண்டே கரண்டியால் கிளறினார். வியர்வை சட்டியில் விழக்கூடாதென்று தலையில் துண்டைக் கட்டிக்கொண்டார். அரைக்கிற மிஷினை பிரஷ்ஷால் மூன்று முறை தட்டினார். "இதுல ஒரு சிட்டிக சிக்கரி கலந்தாலும் பாவம்," என்றார். டிக்காஷன் இறக்குவது எப்படி என்று எனக்குச் சொல்லிக்கொடுத்து, தன் வீட்டுப் பித்தளை பில்டரையும் தந்தனுப்பினார். கூலி என்று எதையும் கேட்கவில்லை. ஒரு டம்ளர் மட்டும் தனக்குப் போட்டுக்கொண்டார். பால் இல்லை, சர்க்கரை இல்லை. கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். வாசலில் கால் கிலோ கேட்டு வந்த அம்மாள் இரண்டு முறை கூப்பிட்டும் அவர் காதில் விழவில்லை.

கடைசி மடக்கு முடிந்ததும் என்னைப் பார்த்துச் சொன்னார்: "பத்து வருஷம் இத காலால தள்ளிட்டு நடந்திருக்கேன்மா."

ஞாயிற்றுக்கிழமை காலை படகு ஏறும்போது நானும் வருவேன் என்றேன். பெண்பிள்ளை கடலுக்குள் எதற்கு என்று அம்மா கேட்டாள். "டிக்காஷன் எறக்கினது நான்தான்," என்றேன். நைனா என்னைத் தூக்கிப் படகில் வைத்தார்.

கரையிலிருந்து கையளவு தெரிகிற கப்பல், கிட்டே போகப்போக மதில் மாதிரி எழுந்து வானத்தை மறைத்தது. நான் ஒருமுறை வாந்தி எடுத்தேன். சித்தப்பா பார்க்காததுபோல இருந்தார். "கோபீ!" என்று அவர் கத்தியதும் மேலே ஒரு தொப்பி தெரிந்தது. அது தன் பெயர் இல்லை என்று தெரிந்தும் அந்த மனிதர் சந்தோஷமாகக் கையை ஆட்டினார்.

விடியற்காலையில் நான் போட்டுக் கொண்டுவந்த காப்பித் தூக்குச்சட்டியின் மூடியைத் திறந்தேன். வாசனை அவ்வளவு உயரம் எப்படிப் போயிற்றோ தெரியாது. கோபி அண்ணனின் கை ஆடுவது நின்றது. பிறகு நூலேணியைப் போட்டு, இறங்கி, எங்கள் படகுக்கே வந்துவிட்டார். அதுவரை கப்பலைவிட்டு யாரும் இறங்கியதில்லை. நைனா வயதுதான் இருக்கும். சட்டை தோளில் நிற்காத அளவுக்கு மெலிந்திருந்தார்.

மற்ற ஆறு பேருக்கும் வாளியில் மேலே ஏற்றிக் கொடுத்தோம். அதில் அம்மா கொடுத்த பாலையும் தாராளமான சர்க்கரையையும் கலந்திருந்தேன். கோபி அண்ணன் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார், பாலைக் காட்டித் தலையில் அடித்துக்கொண்டார், எல்லோரும் சிரித்தோம். உலகத்திலேயே விலை உயர்ந்த காப்பியை எங்கள் வீட்டு டீ மாதிரி ஆக்கிவிட்டேன் போலிருக்கிறது. ஆனாலும் டம்ளரைக் கீழே வைக்காமல் கடைசிச் சொட்டு வரை குடித்தார்.

நைனா மிச்சத் தூளை எடுத்து அவர் கையில் வைத்தார். "சொல்லு, இது ரொம்ப வெல. அவங்க ஊட்டுக்கு எடுத்துகினு போவச் சொல்லு," என்றார் சித்தப்பாவிடம். சித்தப்பா விரல்களைத் தேய்த்துக் காட்டி, கையை வானம்வரை உயர்த்தினார்.

கோபி அண்ணன் தலையை ஆட்டினார். தெரியும் என்கிற ஆட்டல். அவரும் விரலைத் தேய்த்து, சித்தப்பாவைவிட உயரமாகக் கையைத் தூக்கிக் காட்டினார். அப்புறம் படகிலேயே குந்தி உட்கார்ந்து, நாலு காலில் மரம் ஏறுவதுபோலவும், பழம் பொறுக்கித் தின்பதுபோலவும், அதற்கு அடுத்த காரியத்தையும் நடித்துக் காட்டினார். பின்னாலேயே குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கூடையில் போடுகிற மனிதனாக மாறி, தன் நெஞ்சைத் தட்டிக்கொண்டார். அவர் கையால் பொறுக்கியது. எல்லாம் தெரிந்துதான் கொடுத்திருக்கிறார். பொட்டலத்தை நைனாவின் சட்டைப்பையில் திணித்து, அதன்மேல் தன் கையை வைத்து அழுத்திக்கொண்டார்.

பொங்கலுக்கு முன்பு யார் யாரோ வழக்குப் போட்டு, அந்த ஏழு பேரையும் கரையில் இறக்கி விமானத்தில் அனுப்பிவைத்தார்கள் என்று கேள்விப்பட்டோம். கப்பலை இழுத்துக்கொண்டு போனபோது நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். அந்த மாதிரிக் காப்பியைப் பெரிய ஓட்டல்களில் கண்ணாடிக் குப்பியில் வைத்து விற்கிறார்கள் என்று பின்னால் படித்திருக்கிறேன். குடித்துப் பார்க்கத் தோன்றியதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை படகில் நாங்கள் கிளம்பும் முன் இன்னொன்றும் நடந்தது. கோபி அண்ணன் என்னைக் காட்டினார், பிறகு தன்னைக் காட்டினார். அவருக்கும் ஒரு பெண் இருக்கிறாள் என்று சித்தப்பா மொழிபெயர்த்தார்.

"எம்மாம் பெருசு?" என்று கேட்டு நைனா கையால் உயரம் காட்டினார்.

கோபி அண்ணன் எழுந்து நின்று உள்ளங்கையை இடுப்பளவுக்குப் பிடித்தார். அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். என்னைப் பார்த்தார். கையை விலா வரை உயர்த்தினார். மறுபடி பார்த்துவிட்டு நெஞ்சு வரைக்கும் கொண்டுபோனார், கொஞ்சம் இறக்கினார், திரும்ப ஏற்றினார். கை ஓரிடத்தில் நிற்கவே இல்லை. எனக்கு அது நல்ல விளையாட்டாகத் தெரிந்தது. சிரித்துக்கொண்டே ஓடிப்போய் அந்தக் கைக்குக் கீழே என் தலையைக் கொடுத்து நின்றேன். கை என் தலைமேல் வந்து இறங்கியது, அப்படியே இருந்தது.

நைனா சட்டென்று திரும்பி எஞ்சின் பக்கம் குனிந்துகொண்டார். வெகுநேரம் அதில் எதையோ தடவிக்கொண்டிருந்தார். எஞ்சின் கெட்டுவிட்டது, இனி எப்படி வீட்டுக்குப் போகப்போகிறோம் என்று எனக்கு ஒரே கவலையாக இருந்தது.