முதுகு காட்டிப் பாடியவள்

அழுகிறாள் என்று நான் சொன்னேன். சிரிக்கிறாள் என்று என் மனைவி சொன்னாள். அவனியாபுரத்தில் எங்கள் முதல் வீட்டின் முன்னறை, பழுது பார்க்க வந்த ஆம்ப்ளிஃபயர்களுக்கு நடுவே இரண்டு பேர் உட்காரத்தான் இடம். ரெக்கார்டு பிளேயரில் ஓர் இத்தாலி நாட்டு இசைத்தட்டு சுற்றிக்கொண்டிருந்தது. மனைவி மடியில் பாதி உரித்த பூண்டு. கடல் கடந்த தேசத்தில், நாங்கள் முகம்கூடப் பார்த்திராத ஒரு பாட்டுக்காரிக்காக அந்த மத்தியானம் புருஷனும் பெண்டாட்டியும் போட்ட சண்டை எனக்கு இன்னும் தீரவில்லை.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு, அதையும் முழுசாகப் படிக்கவில்லை. ஒரே ஒரு குழாய் ஸ்பீக்கரும் வாடகை சைக்கிளுமாக மைக்செட் தொழிலைத் தொடங்கியவன். பத்து வருஷத்தில் அவனியாபுரத்திலிருந்து டி. கல்லுப்பட்டி வரைக்கும் என் குழாய் கட்டாத திருவிழா கிடையாது. எந்தக் குழாயில் தகடு கிழிந்திருக்கிறது என்று நூறு அடி தள்ளி நின்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். பட்டம் வாங்கிய இன்ஜினியர்கள் என்னிடம் சந்தேகம் கேட்டுப் போயிருக்கிறார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொல்லமாட்டேன், பெருமைக்குத்தான் சொல்கிறேன். உழைத்து வந்தவன் தன்னைப் பற்றித் தானே சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்கள்?

அந்த இசைத்தட்டு ஒரு சௌராஷ்டிரப் பட்டுக்கடைக்காரரிடமிருந்து வந்தது. வீடு மாற்றும்போது பழைய பிளேயரைக் கொடுக்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். பிளேயரோடு ஓர் அட்டைப் பெட்டியையும் தலையில் கட்டிவிட்டார். உள்ளே மூன்று தட்டுகள். பெட்டியின் மேல், கறுப்புச் சால்வை போர்த்திய ஒரு பெண்ணின் படம், முகம் பாதி நிழலில். கப்பலில் வேலை பார்த்த அவருடைய அண்ணன் வாங்கி வந்ததாம். மேடையில் நாடகம் போடும்போதே பிடித்த பதிவு, முழுக்கதையும் பாட்டுத்தான், நம்ம ஊர் நாடகம் மாதிரி என்றார். கதையையும் அவர்தான் சொன்னார். துறைமுகத்தில் துணி வெளுக்கும் ஒரு பெண், தன்னை விரும்பியவனைக் கப்பலேற்றி அனுப்புகிறாள். அவன் போகாவிட்டால் அவன் உயிருக்கு ஆபத்து. அவன் போன பிறகு தனக்கு இருக்க வழியில்லை என்று முன்னாலேயே விஷத்தைக் குடித்துவிட்டு, அதை மறைத்து, போய் வா என்று பாடி வழியனுப்புகிறாள். "இவங்க மைக் இல்லாமப் பாடுறவங்கண்ணே" என்றார் கடைசியாக. நான் நம்பவில்லை. அம்புட்டு வாத்தியத்துக்கு மேல ஒரு பொம்பளையின் தொண்டை தன்னால் எழும்புமென்றால் எனக்கு ஏது பிழைப்பு?

வீட்டுக்கு வந்து போட்டுக் கேட்டேன். முதல் பக்கம் ஒன்றும் பிடிபடவில்லை. யாரோ கூட்டமாகச் சண்டை போடுவதுபோல் இருந்தது. ஐந்தாவது பக்கத்தில் அவள் தனியாக ஆரம்பித்தாள். என் கையிலிருந்த ஈயப்பற்று இரும்பை அப்படியே வைத்துவிட்டேன். மேலே போகப் போகச் சத்தத்தைக் கூட்டுகிறவர்களைத்தான் நான் கேட்டிருக்கிறேன். இவள் மேலே போகப் போகக் குறைத்தாள். குறையக் குறையக் குரல் மெலிந்ததே தவிர அறுபடவில்லை. வாத்தியங்கள் எல்லாம் ஒதுங்கி வழிவிட, உச்சியில் போய் ஓரிடத்தில் நின்றது. நின்ற இடத்தில் ஒரே ஒரு தரம், அரை நொடி, ஒரு நடுக்கம். அந்த நடுக்கம்தான் எங்கள் சண்டைக்குக் காரணம்.

என் மனைவி எழுதப் படிக்கக் கற்காதவள். தூக்குச்சட்டியைக் கழுவிக்கொண்டே அந்தப் பாட்டைக் கேட்பாள். நான் குரலைக் கேட்டேன், அவள் ஆளையே பார்த்தாள். "இப்ப கீழ உக்காந்துட்டா", "இப்ப அவன் கைய உதறிவிடுறா" என்று பக்கத்து வீட்டு வாசலில் நடப்பதுபோலச் சொல்லிக்கொண்டு வருவாள். முதலில் சிரித்தேன். ஒரு நாள் அந்த உச்சிக்குச் சற்று முன்னால், "அந்தப் பக்கம் திரும்பிட்டா" என்றாள். ஊசியைத் தூக்கித் திரும்ப வைத்துக் கேட்டேன். ஆமாம், அந்த இடத்தில் குரல் ஓர் இம்மி மங்குகிறது. நேராக வராமல் சுவரில் பட்டு வருகிறது. என் காதுக்கு அகப்படாதது அவளுக்கு அகப்பட்டதில் எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல்தான். அதனால்தான் அந்தச் சண்டை மத்தியானம் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

"திரும்பி நின்னு அழுகுறா. மூச்சு முட்டுது பாரு" என்றேன்.

"அழுகல. சிரிக்கிறா."

"விஷத்தக் குடிச்சவ சிரிப்பாளாக்கும்?"

"அவன் பாக்குறான்ல? வாய விரிச்சு வச்சுச் சிரிச்சுக்கிட்டே பாடுனா சத்தம் இப்படித்தான் பல்லுல பட்டு வரும்."

"அடியே, எனக்குத் தெரியாத சத்தமா?"

"ஒங்களுக்குச் சத்தம் தெரியும். பொம்பளயத் தெரியாது" என்று சொல்லிவிட்டுப் பூண்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஊருக்கெல்லாம் அந்தக் குரலைக் கேட்கவைக்க வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை. என் மகளுக்குக் காது குத்து, கல்லுப்பட்டிக்குப் பக்கத்தில் குலதெய்வக் கோயிலில். மற்றவன் வீட்டு விசேஷத்துக்கு நாலு குழாய் கட்டுகிறவன், என் வீட்டு விசேஷத்துக்குப் பன்னிரண்டு கட்டினேன். பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்து ஆசாரி ஊசியை எடுத்த நேரம் பார்த்து, சாமி பாட்டை நிறுத்திவிட்டு இவளைப் போட்டேன். குரல் புளியமரங்களைத் தாண்டிக் கண்மாய்க்கரை வரைக்கும் போனது. கட்டியிருந்த கிடா கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. பிள்ளை அழ மறந்து வாயைப் பிளந்து பார்த்தது. மடியில் பிள்ளையை வைத்திருந்த என் மச்சான், "ஏ மாப்ள, குழாய்க்குள்ள எவளோ மாட்டிக்கிட்டு உயிர விடுறாய்யா, முதல்ல எறக்கி விடுங்க" என்று கத்த, பந்தலே சிரித்தது. சாகப்போகிறவளின் பாட்டைக் காது குத்துக்குப் போட்டவன் என்று பல வருஷம் எனக்குப் பேர் இருந்தது. அன்றைக்குச் சிரிக்காத ஒரே ஆள் என் மனைவி. பிள்ளையின் காதில் மஞ்சள் வைத்தபடி, அந்த இடம் வரும் வரைக்கும் தலையைச் சாய்த்துக் கேட்டாள். வந்ததும் என்னைத் திரும்பிப் பார்த்து, தன் வாயோரத்தை விரலால் தொட்டுக் காட்டினாள். சிரிக்கிறாள் என்று அர்த்தம்.

குழாய்களுக்குப் பக்கத்தில் நின்றே வயசு போனது. காதில் பஞ்சு வைக்கச் சொல்லி அவள் எத்தனையோ தரம் சொன்னாள். சத்தம் எனக்குக் கட்டுப்பட்டது என்று நான் வைக்கவில்லை. போன வருஷம் காது டாக்டரிடம் போனேன். கண்ணாடி அறையில் உட்காரவைத்து, சத்தம் கேட்டதும் கையைத் தூக்கச் சொன்னார்கள். கொஞ்ச நேரம் தூக்கினேன். பிறகு ஒன்றும் வரவில்லை. "மிஷின ஆஃப் பண்ணிட்டியாம்மா?" என்று கேட்டேன். "ஓடிக்கிட்டுத்தாங்கய்யா இருக்கு" என்றது அந்தப் பெண். கூரான சத்தம் எல்லாம் போய்விட்டதாம். காதில் வைக்க மிஷின் கொடுத்தார்கள். அதில் பேச்சு கேட்கிறது. உச்சியில் நின்ற அந்தக் குரல் கேட்கவில்லை. ஸ்பீக்கரில் கையை வைத்தும் பார்த்தேன். அம்புட்டு மெல்லிய சத்தத்துக்குக் கை அதிராது என்பது தெரிந்தேதான் வைத்தேன்.

பெங்களூரில் இருக்கும் மகள் பொங்கலுக்கு வந்தபோது பெட்டியின் படத்தை செல்போனில் பிடித்துத் தேடி, அதே பாட்டுக்காரி அதே நாடகத்தில் நடித்த வீடியோவை எடுத்து டி.வி.யில் போட்டுவிட்டாள். கறுப்பு வெள்ளை, ஆனால் துலக்கமாக இருக்கிறது. முதன்முதலாக அவளைப் பார்த்தேன். குள்ளமான உருவம், பெரிய தோள், அழகி என்று சொல்ல முடியாது. ஆனால் துணிக்கூடையைக் கீழே வைக்கிற விதத்திலேயே அன்று முழுவதும் அவள் சுமந்த பாரம் தெரிகிறது. விஷக் குப்பியைப் பாவாடை மடிப்பில் மறைத்த பிறகு, அந்த இடத்தைக் கை தொடாமல் இருக்கப் பாடுபடுகிறாள். என் மனைவி சொன்ன இடத்தில் உட்கார்ந்தாள். சொன்ன இடத்தில் அவன் கையை உதறினாள். அந்த உச்சி வரப்போகிறது. சோபாவின் நுனிக்கு வந்துவிட்டேன், இத்தனை வருஷச் சண்டைக்கு இன்றைக்குத் தீர்ப்பு என்று.

கப்பல் மேடையின் பின்பக்கம் இருக்கிறது. அவன் அதில் ஏறுகிறான். இவள் அவனைப் பார்த்துத் திரும்பி நிற்கிறாள். சபைக்குத் தெரிவது முதுகு மட்டும். தோள் இம்மிகூட அசையவில்லை. வலது கை மட்டும் பின்னால் வந்து, சால்வை நுனியை விரலில் சுற்றிக்கொண்டு இறுகுகிறது. முகத்தை அவன் ஒருவன்தான் பார்க்கிறான்.

என் மனைவி போய் ஒன்பது வருஷம் ஆகிறது. அவள் போன அன்று காலை மாட்டுத்தாவணிப் பக்கம் ஒரு கோயிலுக்குச் செட் கட்டப் போக வேண்டும். வேன் நின்றது. வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "என்ன ஒரு மாதிரி இருக்க?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல. நீங்க போய்ட்டு வாங்க. ஆளுக காத்துக் கெடப்பாக" என்று சிரித்தாள். விடியலிலிருந்தே நெஞ்சு வலித்திருக்க வேண்டும் என்று டாக்டர் பிறகு சொன்னார். பக்கத்து வீட்டில் ஓமத் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்திருக்கிறாள். பதினொரு மணிக்கு எனக்குப் போன் வந்தது.

அந்த முகத்தை நான் பார்த்தேன். சிரித்த முகம்தான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் 'போய்ட்டு வாங்க' என்றபோது குரல் எப்படி இருந்தது? நடுங்கியதா? எத்தனை நாள் உட்கார்ந்து யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. முகம் சிரித்ததும் நான் காதை மூடிக்கொண்டுவிட்டேன்போல.

மத்தியானங்களில் அந்த வீடியோவைப் போடுகிறேன். அந்த இடம் வரும்போது ஸ்பீக்கர் சத்தத்தை முழுசாகக் கூட்டிவைக்கிறேன். சிரிக்கிறாள் என்று இப்போது ஒத்துக்கொள்கிறேன், அதைக் கேட்கத்தான் என் மனைவி இல்லை. உள்ளேயிருந்து மருமகள் வந்து காதைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள். "மாமா, கொஞ்சம் கொறச்சு வைங்க. தெரு முழுக்கக் கேக்குது."

"கேக்கட்டும்த்தா" என்கிறேன்.