இரண்டு சுற்று ஸ்பிரிங்

வேலூரில் அப்பாவுக்கு இடுப்பு ஆபரேஷன் செய்த டாக்டர், வீட்டுக்கு அனுப்பும்போது ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார். முட்டி உயரத்துக்குக் கீழே இருக்கும் எதிலும் உட்காரக் கூடாது. உட்கார்ந்தால் மாற்றி வைத்த மூட்டு கழன்றுகொள்ளும். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எல்லாம் உயர்ந்தது. கட்டிலின் கால்களுக்கு அடியில் மரக்கட்டை வைத்தோம். நாற்காலியில் தலையணை போட்டோம். வேங்கிக்காலில் அரசாங்க ஆபீசில் வேலை பார்த்த நான், லோன் போட்டு ஒரு பழைய கார் வாங்கினேன். வாங்கும் முன் அப்பாவை அதில் உட்காரவைத்து, எழுந்திருக்கச் சொன்னேன். யார் கையையும் பிடிக்காமல் எழுந்தார். அது போதும் என்று பணத்தைக் கட்டிவிட்டேன்.

ஓட்டுவது தம்பி. செவ்வாய்க்கிழமை காலையில், நான் ஆபீஸ் கிளம்பும் முன், காரிலேயே மலையைச் சுற்றிக் கிரிவலம் வருவோம். வழியில் இருக்கும் எட்டு லிங்கங்களில் எமலிங்கத்தில் மட்டும் அப்பா இறங்குவார். அவர் ரிட்டையர்டு கிளார்க். "அட்டென்டன்ஸ் போட்டுட்டு வந்துடறேன். போவலன்னா என்னாச்சுன்னு பாக்க அவரே வீட்டுக்கு வந்துடுவாரு" என்பார். கோலை ஊன்றித் தானே போவார், தானே வந்து ஏறுவார். குளிப்பதற்குக்கூட ஆள் வேண்டியிருந்த மனிதருக்கு அந்த நாலு எட்டு நடைதான் சொந்தம்.

படிப்பை முடித்துவிட்டு வேலை தேடுவதாகச் சொல்லிக்கொண்டிருந்த தம்பிக்கோ, அந்தக் காரின் உயரம் அவமானமாக இருந்ததாம். ஒரு திங்கட்கிழமை நான் வீடு திரும்பியபோது கார் தெருவில் நின்றது. அடிப்பக்கம் இடித்ததால் வாசல் சரிவில் ஏறவில்லை. டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே விரல் நுழையாது.

"ஸ்பிரிங்ல ரெண்டு சுத்து வெட்டிட்டோம்க்கா. இனிமே ரேஸ் கார் மாதிரி ரோட்டைப் பிடிச்சுக்கிட்டுப் போவும்."

வெட்டியதற்குப் பூஜை வேறு. பானெட்டில் சந்தனம், குங்குமம். டயரில் நசுங்கிய எலுமிச்சம்பழத்தின் தோல். எதிர்வீட்டுக்காரர் வந்து சுற்றிப் பார்த்து, "சூப்பரா கீதுப்பா" என்று முதுகில் தட்டினார். குரங்கு கையில் பூமாலை கொடுத்தது நான்தான் என்று வாய்க்குள் முனகினேன். அப்பா வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, "நாலு டயருமா பஞ்சர்?" என்று கேட்டார்.

நாளைக்குப் போக வேண்டாம் என்றேன். அப்பா கேட்கவில்லை. தலையணை போட்டுக்கொண்டால் ஆச்சு என்றார். மறுநாள் வழியில் வரும் ஆசிரமத்துக்கு முன்னால் இருந்த வேகத்தடையில் காரின் அடிவயிறு டங்கென்று மோதியது. டீக்கடையில் நின்ற வெள்ளைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மோதிய வேகத்தில் தலையணை நழுவிப்போக, அப்பா சீட்டுக்குள் இறங்கிவிட்டார். முட்டி இரண்டும் நெஞ்சுக்கு நேரே வந்துவிட்டன.

எமலிங்கத்தில் அவரால் எழுந்திருக்க முடியவில்லை. தம்பி இரண்டு கையையும் பிடித்து இழுக்கப் போனான். "இழுக்காதடா" என்று கத்தினேன். ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து இரண்டு பேர் ஓடிவந்து, அக்குளில் கைகொடுத்து அவரைத் தூக்கி நிறுத்தினார்கள். தூக்கியதில் வேட்டி அவிழ்ந்துவிட்டது. சாமி கும்பிட வந்த கூட்டத்துக்கு நடுவே, வாழ்நாளெல்லாம் இஸ்திரி மடிப்புக் கலையாமல் ஆபீஸ் போன மனிதருக்கு யாரோ ஒருவர் வேட்டி கட்டிவிட்டார். தம்பியை அங்கேயே பிடித்துத் திட்டினேன்.

"அப்பாவுக்கு ஏறி இறங்க ஈசியா இருக்கும்னுதான்க்கா பண்ணேன்" என்றான்.

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா சொன்னார்: "அவனை ஏம்மா திட்டற? நான்தான் இறக்கச் சொன்னேன்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார். முந்தின நாள் பஞ்சரா என்று கேட்ட வாய் அது. கார் என் சம்பளம், வெட்டியது அவன், வலி அப்பாவுடையது. கடைசியில் நடுரோட்டில் கத்துகிற ராட்சசி நான். மகன் என்றால் ஸ்பிரிங்கை மட்டுமா, தன் எலும்பை வெட்டினாலும் நான்தான் வெட்டச் சொன்னேன் என்பார். அதைச் சொல்லியே விட்டேன். அப்பா காரிலிருந்து விலகி நின்றார். திரும்ப அந்தக் காரில் ஏற மாட்டேன் என்றார். அவரை ஆட்டோவில் கூட்டிவந்தேன்.

"வெட்டினதை ஒட்ட முடியாதுங்க, வெல்டு வெச்சா உடைஞ்சிடும்" என்றார் ஒர்க்‌ஷாப்காரர், வெட்டியது தானல்ல, வேறு யாரோ என்பதுபோல. புது ஸ்பிரிங் வாங்கிப் போட்டேன். கார் பழைய உயரத்துக்கு வந்தது. வீட்டு வாசலில் அப்பாவை உட்காரவைத்து, எழுந்திருக்கச் சொன்னேன். முன்போலவே எழுந்தார். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன்.

அடுத்த செவ்வாய் எமலிங்கத்தில் தம்பி காரை நிறுத்தினான். நான் இறங்கிக் கதவைத் திறந்து பிடித்தேன். அப்பா ஆட்டோ ஸ்டாண்டைப் பார்த்தார். கோலை எடுக்கவில்லை.

"இங்கயிருந்தே கும்பிட்டுக்கறேன்மா. கதவைச் சாத்து."

அதற்குப் பிறகு அவர் அங்கே இறங்கவே இல்லை. அன்று உட்கார்ந்தபடியே கைகூப்பிவிட்டுத் தம்பியின் தோளைத் தட்டினார்.

"ஒரு ஆரன் அடிடா. வந்துட்டேன்னு அவருக்குத் தெரியட்டும்."

தம்பி அடித்தான். இரண்டு பேரும் சிரித்தார்கள். என்னால் இன்றுவரை அந்தச் சிரிப்பை மன்னிக்க முடியவில்லை.