அப்பா பார்க்காத ரீல்

நான் வசிக்கும் ஒக்லஹோமா ஊரில் என்னை இந்தியன் என்று சொல்லிக்கொண்டால், அடுத்த கேள்வி "எந்த ட்ரைப்?" என்று வரும். வந்த புதிதில் மளிகைக் கடையில் பில் போடும் அம்மாள் அப்படிக் கேட்டதும் வெலவெலத்துப் போனேன். அவர் சாதியை விசாரிக்கிறார் என்று நினைத்துவிட்டேன். திருப்பூரிலிருந்து இத்தனை தூரம் வந்தும் இந்தக் கேள்வி விடாமல் பின்னாலேயே வந்துவிட்டதே என்று மனம் நொந்துகொண்டே வீட்டுக்கு நடந்தேன். இந்த மண்ணின் பூர்வகுடி மக்களையும் இங்கே இந்தியன் என்றுதான் பலர் அழைக்கிறார்கள் என்பதும், என் நிறத்தைப் பார்த்து அந்த அம்மாள் என்னை அவர்களில் ஒருத்தியாக எடுத்துக்கொண்டார் என்பதும் பிறகுதான் விளங்கின. "அந்த இந்தியன் இல்லை, கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற இந்தியா" என்று சொல்லப் பழகிக்கொண்டேன்.

எங்கள் ஊர் நூலகத்தில் சில சனிக்கிழமைப் பிற்பகல்களில் பழைய படம் போடுவார்கள். பார்க்க வருபவர்களில் பெரும்பாலோர் வயதானவர்கள். போன குளிர்காலத்தில் ஒரு வெஸ்டர்ன் படம் போட்டார்கள். கழுத்தில் சிவப்புக் கைக்குட்டை கட்டிய ஒருவன் மாட்டு மந்தையை ஓட்டிக்கொண்டு வறண்ட நாட்டைக் கடக்கிறான். ஆற்றங்கரையில் அவனுடைய தம்பியை யாரோ கொன்றுவிடுகிறார்கள். தம்பியின் குதிரை மட்டும் ஆளில்லாமல் திரும்பி வருகிறது. அந்தக் குதிரையைப் பார்த்ததும் நாற்காலியின் விளிம்புக்கு வந்துவிட்டேன். இது அப்பாவின் படம்!

அப்பா இளவட்டமாக இருந்தபோது குன்னத்தூரிலிருந்து பஸ் ஏறித் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்கு வருவார். அப்போது ஒரு தியேட்டரில் இந்தப் படம் ஓடியது. ஆங்கிலம் ஒரு வார்த்தை தெரியாது. ஆனாலும் படம் ஓடிய வரைக்கும் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறார். படத்தின் பெயர் அவருக்கு நினைவில்லை. எங்களுக்கு அது "குதிரைக்காரன் கதை." நானும் என் தம்பி செந்திலும் அந்தக் கதையைக் கேட்டுத்தான் சோறு தின்று வளர்ந்தோம். குதிரை தனியாக வரும் இடத்தில் அப்பாவின் குரல் கம்மிவிடும். குதிரைக்காரன் அழமாட்டான், கத்தமாட்டான், தேடிப் போய்க் கொலைகாரனைச் சரியாகக் கண்டுபிடிப்பான் என்று சொல்வார். கொன்றவன் அவனோடு மாடு ஓட்டி வந்த கூட்டாளியேதான் என்பார். "ஒருத்தன் மேல கை வெக்கறதுக்கு முன்னால, அவந்தானான்னு தெரிஞ்சுக்கோணும் சாமி. குதிரைக்காரன் அப்பிடித்தான் செஞ்சான்." கதை முடியும்போதெல்லாம் இதைச் சொல்லாமல் இருக்கமாட்டார்.

நூலகத்தில் நான் பார்த்த குதிரைக்காரன் அப்படிச் செய்யவில்லை. தம்பியின் உடலைப் புதைத்த கையோடு, அன்று இரவே ஆற்றங்கரையில் கூடாரம் போட்டிருந்த பூர்வகுடிகளிடம் போகிறான். அவர்கள்தான் கொன்றிருப்பார்கள் என்பது அவன் முடிவு. எதையும் கேட்கவில்லை. தீ வைக்கிறான். பெண்களும் பிள்ளைகளும் புகைக்குள்ளிருந்து ஓடிவருகிறார்கள், சிலர் வரவில்லை. அடுத்த நாள் தம்பியின் கடிகாரம் தன் கூட்டாளியின் பையில் கிடப்பதைப் பார்க்கிறான். கொன்றவன் வேறு ஆள் என்று தெரிகிறது. சற்று நேரம் பேசாமல் நிற்கிறான், அவ்வளவுதான். படம் மேலே போகிறது. கூட்டாளியைச் சுட்டுக் கொல்கிறான், கொள்ளைக்காரர்களிடமிருந்து ஓர் ஊரைக் காப்பாற்றுகிறான், ஊரே கையசைத்து வழியனுப்புகிறது. எரிந்த கூடாரங்களைப் பற்றி அதற்குப் பிறகு ஒரு சொல்லும் இல்லை.

விளக்குப் போட்டதும் முன்வரிசையில் இருந்த ஒரு முதிய விவசாயி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நல்ல மனுஷன், துக்கத்தில் தடுமாறிவிட்டான்" என்றார். அந்தக் காலத்துப் படம் அப்படித்தான் இருக்கும் என்றார் ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர். விவசாயி என் பக்கம் திரும்பி, "உங்கள் ஜனங்களுக்கு நடந்ததைப் பார்ப்பது கஷ்டமாக இருந்திருக்கும், மன்னியுங்கள்" என்றார். நான் வழக்கம்போல அந்த இந்தியன் இல்லை என்று விளக்க ஆரம்பித்தேன். என் பக்கத்தில் ரூத் என்ற பெண்மணி உட்கார்ந்திருந்தார், உண்மையிலேயே பூர்வகுடி. அவர் கோட்டை மாட்டிக்கொண்டே, "அந்தக் கூடாரத்தில் இருந்த ஒருவருக்கும் இந்தப் படத்தில் பெயர் கிடையாது, கவனித்தாயா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

எனக்கு உறைத்தது வேறொன்று. அப்பா ஏன் இதைச் சொல்லவேயில்லை? அத்தனை தடவை பார்த்தவர், எங்களிடம் இதை மட்டும் மறைத்தாரா? போனில் கேட்க மனம் வரவில்லை. கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது படத்தை மடிக்கணினியில் வைத்துக்கொண்டு போனேன்.

செந்தில் இப்போது திருப்பூர் அனுப்பர்பாளையத்தில் ஒரு தையல் யூனிட் நடத்துகிறான். வீடு அதே தெருவில். அப்பாவும் அவனோடுதான் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மதியம் கறிச்சோறு சாப்பிட்டுவிட்டு, ஹாலில் இருந்த பெரிய டிவியில் படத்தைப் போட்டேன். குதிரைக்காரன் முகம் வந்ததும் அப்பா கைதட்டிவிட்டார். "இவனேதான் கண்ணு! இவனேதான்!" என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கோகிலாவிடம் அடுத்து வரப்போவதையெல்லாம் முன்கூட்டியே சொல்லிக்கொண்டிருந்தார். கோகிலா செந்திலின் மனைவி. அதிகம் பேசமாட்டாள்.

குதிரை தனியாகத் திரும்பி வந்தது. அப்பா மூக்கை உறிஞ்சினார். "இப்பப் பாருங்க, தேடிப் போவான்" என்றார். குதிரைக்காரன் தீப்பந்தத்தைக் கையில் எடுத்தான்.

அப்பா முன்னால் குனிந்தார். முதல் கூடாரம் பற்றிக்கொண்டது. "இது என்னது?" என்றார். ஒரு பெண் கைக்குழந்தையோடு ஓடினாள். "கண்ணு, நிறுத்து. இது வேற படம். இது இதுல இல்ல."

"இதே படந்தானுங்ப்பா" என்றேன்.

"இல்லீங்கறேன்! எத்தன தடவ பாத்திருக்கறேன் நானு? தம்பி செத்தொடனே அடுத்தாப்புல கூட்டாளியப் புடிச்சுருவான். நடுவுல இதெல்லாம் இல்ல!" அப்போதுதான் எனக்குப் புரிந்தது, அவர் எதையும் மறைக்கவில்லை. நேரத்தைக் குறைப்பதற்காகத் தியேட்டர்காரர்கள் அந்த ஒரு ரீலை ஓட்டாமல் விட்டிருக்கிறார்கள். தீ வைத்ததும், அது தவறு என்று தெரிந்ததும் இரண்டும் அந்த ரீலிலேயே போய்விட்டிருக்கின்றன. அப்பா ஆயுள் முழுக்க நம்பிய குதிரைக்காரனை உண்டாக்கியது படம் ஓட்டிய ஓர் ஆபரேட்டர்தான்.

செந்தில் சோபாவில் சாய்ந்தபடி சிரித்தான். "இதுல என்னங்ப்பா தப்பு? தம்பியக் கொன்னுபோட்டானுங்க. பாத்துக்கிட்டா நிப்பாங்க? எனக்கு இப்பத்தான் இவனப் புடிக்குது."

நான் அவனைத் திரும்பிப் பார்த்தேன். சைக்கிளில் என்னைப் பின்னால் உட்காரவைத்து டியூஷனுக்குக் கூட்டிப்போனவன். படத்தில் கடிகாரம் கூட்டாளியின் பையிலிருந்து வெளியே வந்தது. "பாத்தியா, அவுங்க இல்ல" என்றேன்.

"அவனுக்கு எப்பிடிங்க்கா தெரியும்? இருட்டுல எவன் எவன்னு பாக்க முடியும்? அந்த நேரத்துல யாரா இருந்தாலும் அப்பிடித்தான் செய்வாங்க."

"உங்களுக்கு மத்தியான வெளிச்சத்துலயே தெரியலீங்களே" என்றாள் கோகிலா.

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. செந்தில் எழுந்துவிட்டான். "வாய மூடு" என்றான். அப்பா ரிமோட்டைத் தேடி எடுத்துப் படத்தை நிறுத்தினார். "என்ன சாமி சொல்ற? எங்கிட்டச் சொல்லு" என்று மருமகளைக் கேட்டார்.

கோகிலா தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். சில மாதங்களுக்கு முன், வடக்கிலிருந்து வந்தவர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் ஒரு வதந்தி சுற்றியிருக்கிறது. ஒரு நாள் மதியம் எங்கள் தெரு முக்கில் ஒரு வடநாட்டு ஆள், வீறிட்டு அழும் ஒரு பெண் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வேகமாகப் போயிருக்கிறான். யாரோ கத்தினார்கள். யூனிட்டிலிருந்து ஆட்கள் ஓடினார்கள். கோகிலா மாடியிலிருந்து பார்த்தாள். செந்தில் ஹெல்மெட்டால் அவன் தலையிலும் தோளிலும் அடித்துக்கொண்டிருந்தான். குழந்தையை ஒருத்தி பிடுங்கிக்கொண்டாள். குழந்தை அடிபடுகிறவனைப் பார்த்துக் கையை நீட்டி "பாப்பா, பாப்பா" என்று அலறியது.

"நாங்க பாப்பான்னா புள்ளைன்னு நெனச்சோமுங்க" என்றாள் கோகிலா. "இந்தில அப்பாவ அப்பிடிக் கூப்புடுவாங்களாமா. அது அவம் புள்ளைங்க மாமா. காய்ச்சல்னு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருக்கறான்."

டிவியில் குதிரைக்காரனின் முகம் பாதிக் கண் மூடியபடி நின்றிருந்தது. வெளிநாட்டில் இருந்துகொண்டு, இப்படிக் கூட்டமாக அடித்த ஊர்ச் செய்திகளைப் படிக்கும்போது, யாரோ, எங்கேயோ என்று தள்ளிவைத்துவிட்டு அடுத்த செய்திக்குப் போயிருக்கிறேன். அந்த யாரோவில் ஒருவன் என் எதிரே லுங்கியோடு நின்றுகொண்டிருந்தான்.

"அன்னைக்கு என்னடா சொன்ன எங்கிட்ட? ஒரு திருடனப் புடிச்சுக் குடுத்தோம்னு சொன்னயில்ல?" என்றார் அப்பா.

"போலீஸ் வந்து விசாரிச்சுப்போட்டு அவன விட்டுட்டாங்கப்பா. அவன் கேஸு கூடக் குடுக்கல. முடிஞ்சு போச்சு."

"அவம் பேரென்ன?"

"தெரியாதுங்ப்பா. எல்லாரும் இந்திக்காரன்னுதான்..." என்று செந்தில் நிறுத்திக்கொண்டான்.

அப்பா அன்று மீதிப் படத்தைப் பார்க்கவில்லை. மறுநாள் காலையில் வேட்டியும் வெள்ளைச் சட்டையும் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். "அவன் ஊட்டுக்குப் போகோணும். நீயும் வா" என்று செந்திலைக் கூப்பிட்டார். "நாம போயி நின்னா, நாம செஞ்சது தப்புன்னு ஆயிருமுங்ப்பா. நாளைக்கு ஒவ்வொருத்தனும் பேசுவான்" என்று சொல்லிவிட்டு அவன் யூனிட்டுக்குப் போய்விட்டான். அந்த ஆளின் மனைவியைத் தண்ணீர்க் குழாயடியில் பார்த்திருந்ததால் கோகிலாவுக்கு வீடு தெரியும். மூவரும் போனோம்.

அடுத்த சந்தில் வரிசையாக ஒற்றை அறை வீடுகள். அவன் வாசலில் உட்கார்ந்து ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான். சின்ன உருவம். புருவத்துக்கு மேல் தையல் போட்ட தழும்பு. எங்களைப் பார்த்ததும் முதலில் செய்த காரியம், உள்ளேயிருந்து எட்டிப்பார்த்த குழந்தையைத் தன் முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டதுதான். "என் பொண்ணு சார். என் பொண்ணு. ஆதார் இருக்கு" என்றான் தமிழில். அவசரமாகச் சட்டைப் பையைத் தடவினான்.

அப்பா இரண்டு கையையும் கூப்பினார். "இல்ல சாமி, இல்ல. நாங்க அதுக்கு வல்ல. என்ர பையன் உன்னைய அடிச்சுப்போட்டான். நான் மன்னிப்புக் கேக்க வந்தேன். உம்பேரென்ன சாமி?"

அவனுக்கு அந்தத் தமிழ் பிடிபடவில்லை. பையன், அடிச்சு என்ற இரண்டு சொற்கள்தான் காதில் விழுந்திருக்க வேண்டும். எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டான். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் விளக்கினேன். அவன் கேட்டான், தலையை ஆட்டினான். மனோஜ் என்று பெயர் சொன்னான். "பரவால்ல சார், தப்பு ஆகும்" என்றான். ஆனால் அவன் கண் எங்கள் மேல் இல்லை. சந்தில் ஆட்கள் கூட ஆரம்பித்திருந்தார்கள். பெரிய மனிதர்கள் எதற்கு இவன் வீட்டு வாசலில் நிற்கிறார்கள், மறுபடி என்ன பண்ணினான் என்று யாரோ கேட்பது எனக்கும் கேட்டது. மனோஜ் குரலைத் தாழ்த்தி, கெஞ்சுவதுபோலச் சொன்னான். "போங்க சார். ஆள் பாக்குது. போங்க."

அப்பா கூப்பிய கையை இறக்காமலே திரும்பினார். வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

நான் கிளம்பும் நாளில் செந்தில்தான் கோயம்புத்தூர் விமான நிலையத்துக்குக் கார் ஓட்டி வந்தான். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அப்பா அவனோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை. நானும் சரியாகப் பேசவில்லை. கருமத்தம்பட்டி தாண்டிய பிறகு, ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "நேத்து நான் போனனுங்க்கா, அவன் ஊட்டுக்கு" என்றான். "பூட்டியிருக்குது. நீங்க போயிட்டு வந்த மூணாம் நாளே காலி பண்ணிட்டாங்களாமா. எங்க போனாங்கன்னு யாருக்கும் தெரியல."

அடித்தபோது போகாதவன், மன்னிப்புக் கேட்டபோது போய்விட்டான். நாங்கள் மறுபடி வருவோம் என்று பயந்திருப்பான். செந்தில் காரை ஓரம் கட்டிவிட்டு ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டான். "அந்தப் புள்ளைக்கு ரெண்டு வயசிருக்குமாங்க்கா?" என்று கேட்டான். இருக்கும் என்றேன். அவன் முதுகில் கை வைக்கலாம் என்று தோன்றியது, வைக்காமல் இருக்க வேண்டும் என்றும் தோன்றியது. கடைசியில் வைத்தேன்.

விமான நிலையத்தில் செந்தில் பெட்டிகளை இறக்கிக் கொடுத்துவிட்டு வெளியே நின்றுகொண்டான். உள்ளே போய்க் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து திரும்பிப் பார்த்தேன். தடுப்புக்கு அந்தப் பக்கம் கூட்டம். வெயில் கண்ணாடியில் பட்டுக் கூசியது. வெள்ளைச் சட்டையில் மீசை வைத்த ஒருவன் என்னைத்தான் பார்த்துக்கொண்டு நின்றான். கையை உயர்த்தி அசைத்தேன். அவனும் சற்றுத் தயங்கிவிட்டுக் கையசைத்தான். மேகம் மறைத்து வெளிச்சம் குறைந்தபோதுதான் தெரிந்தது, அது செந்தில் இல்லை. யாரோ ஒரு டிரைவர், யாரையோ ஏற்றிப்போக வந்தவர். என் தம்பியைக் கூட்டத்தில் தேடினேன். எல்லாருமே அவனைப் போல இருந்தார்கள். எனக்குப் பின்னால் வரிசை நகர ஆரம்பித்தது. அந்த மனிதர் இன்னும் கையை இறக்காமல் நின்றார். நானும் இறக்காமல் அசைத்துக்கொண்டே பின்புறமாக உள்ளே நடந்தேன்.