சங்கரம்மாளின் தோணி வண்டி

எங்கள் பக்கத்து வீட்டுச் சங்கரம்மாள் அத்தையைப் பற்றி எழுத வேண்டுமென்றால் முதலில் அவருடைய தோணியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ரோடு போட வந்தவர்கள் விட்டுப்போன தார் டிரம்முகளை வெட்டி, தகடாக அடித்து, இரண்டு முனைகளையும் கூராக மடக்கிச் செய்தது. பத்தடி நீளம். ஒரே ஓர் ஆள் உட்காரலாம். கண்மாய் நிறைந்த வருஷங்களில்தான் அதற்கு வேலை. மற்ற வருஷங்களில் மாட்டுக்கொட்டகையில் குப்புறக் கிடக்கும்.

1992 கார்த்திகை மழையில் எங்கள் ஊர்ப் பெரிய கண்மாயும், இரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சின்னக் கண்மாயும் நிறைந்தன. மாசியில் மீன்பிடி தொடங்கியது. சாயங்காலம் வலை போட்டு விடியற்காலையில் எடுக்க வேண்டும். இரண்டு கண்மாய்க்கும் இந்த ஒரு தோணிதான். அத்தையும் அவர் கணவர் ராஜகுரு மாமாவும் ஆளுக்கொரு முனையாகத் தலையில் சுமந்து போவார்கள். ஒருநாள் மாமா டிராக்டரிலிருந்து விழுந்து இடுப்பு பிசகிப் படுத்துவிட்டார்.

மீன் குத்தகைக்காரர் முத்துராமலிங்கம் புதன்கிழமை வீட்டுக்கே வந்தார்.

"ஞாயித்துக்கெழம விடியும்போது ரெண்டு கம்மாயிலயும் வலை கெடக்கணும்மா. இல்லேன்னா தூத்துக்குடி ஆளுகள வரச்சொல்லிருவேன்."

அவர் போனதும் மாமா, "பேசாம தோணிய வித்துருவோம்" என்றார்.

"ஒங்க இடுப்பு ஒடைஞ்சதுக்கு என் தோணிய எதுக்கு விக்கணும்?" என்றார் அத்தை.

மறுநாள் பாளையம்பட்டி சைக்கிள் கடைக்குப் போய்ப் பழைய சக்கரங்கள் இரண்டு கேட்டார். கடைக்காரர் மாரீஸ்வரனுக்குச் சிரிப்பு.

"என்ன மைனி, கப்பலுக்குச் சக்கரமா?"

"ஆமா கொழுந்தனாரே, கெளம்புறப்ப நீரு வந்து கொடி ஆட்டும்."

சக்கரங்கள் பஸ் கூரையில் வந்து இறங்கின. இரும்புக் கம்பியில் அச்சு, வேப்பங்கட்டையில் சட்டம், தோணி வழுக்காமலிருக்க மேலே சாக்குச் சுற்று. எல்லாம் அத்தையே செய்தார். அச்சு தோணியின் நடுவில் வருமாறு வைத்துக் கட்டியதால் ஒரு கையாலேயே தள்ள முடிந்தது.

வெள்ளிக்கிழமை கண்மாய்க் கரையில் ஏறி நூறு கஜம் போவதற்குள் இரண்டு டயரும் தரையோடு படுத்துவிட்டன. கரை முழுக்கச் சீமைக்கருவேல முள். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த சோலைச்சாமி கேட்டார்:

"எக்கா, காத்து வண்டிக்குப் போச்சா, ஒனக்குப் போச்சா?"

"எனக்கு இன்னும் இருக்குலே. நீ ஆட்டப் பாரு."

அன்றைக்கே டியூபை உருவிவிட்டு, அருப்புக்கோட்டை மில்லிலிருந்து வந்த கழிவுப் பஞ்சை டயருக்குள் திணித்தார். சனிக்கிழமை காலையில் முள்ளின் மேலேயே வண்டி உருண்டது. ஆனால் தோணி மிதக்கும் ஆழம்வரை வண்டியைத் தண்ணீருக்குள் தள்ள வேண்டுமே. பஞ்சு தண்ணீரைக் குடித்து ஊறிப்போய், கரையேறும்போது டயர் பிதுங்கி வெளியே வந்துவிட்டது. எங்கள் ஊரில் வண்டி செய்கிற யாரும் தண்ணீரை நினைப்பதில்லை. வண்டி என்றால் புழுதியில் போவது என்றே பழகிவிட்டோம். அத்தையும் அப்படித்தான் நினைத்துவிட்டார்.

அவர் உட்கார்ந்து அழவில்லை. சக்கரங்களைக் கழற்றித் தலையில் வைத்துக்கொண்டு அடுத்த பஸ் பிடித்தார். மாரீஸ்வரன் கடையில் குப்பையாகக் கிடந்த தேய்ந்த டயர்களின் விளிம்புக் கம்பியை அறுத்தெடுத்துவிட்டு, ஒரு டயருக்குள் இரண்டு டயர்களைச் செருகச் சொன்னார். இறங்கக் காற்றும் இல்லை, ஊறப் பஞ்சும் இல்லை.

"ரொம்பக் குலுக்குமே மைனி."

"குலுக்கட்டும். தோணிக்கு நோவாது."

அன்று சாயங்காலம் பெரிய கண்மாயில் வலை போட்டார். தோணியை வண்டியில் கட்டித் தனியாகவே தள்ளிக்கொண்டு, பொழுது அடைவதற்குள் சின்னக் கண்மாயிலும் போட்டார். முள் குத்தியது. குத்தி உடைந்தது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் முத்துராமலிங்கம் மோட்டார் சைக்கிளில் சின்னக் கண்மாய்க்கு வந்து கரைப் பாதையின் நடுவில் நிறுத்தினார். கெளுத்தியும் கெண்டையும் கூடையில் துள்ளிக்கொண்டிருந்தன. அத்தை தோணியை வண்டியில் ஏற்றிக் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தார்.

"யாரும்மா சுமந்து வந்தா?"

"யாரும் சுமக்கலண்ணே. பெரிய கம்மா வலைய இன்னும் எடுக்கல, மீன் ஏவாரி வந்துருவான். கூடைய நீங்க கொண்டாங்க, மொதல்ல ஒங்க வண்டிய ஓரம் கட்டுங்க."

அவர் மோட்டார் சைக்கிளை உருட்டிக் கரைச் சரிவில் இறக்கி நிறுத்தினார். அந்த வருஷம் தூத்துக்குடிக்கு அவர் ஆளனுப்பவில்லை.