தலைத் தீபாவளிக்கு வாங்கிய மலிவுச் சட்டை

அக்காவின் கணவருக்கு மலிவு என்றால் உயிர். பெண் பார்க்க வந்த அன்றே எங்கள் வீட்டு மின்விசிறியை அண்ணாந்து பார்த்து, என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்று கேட்டவர். அம்மா சொன்னாள். "ஏமாத்திட்டான்லா ஆண்ட்டி," என்றார். அப்பா உயிரோடு இருந்தபோது ஆசையாக வாங்கிய விசிறி அது. அந்த நிமிடத்திலிருந்து எனக்கு அவரைப் பிடிக்காது. இன்றைக்கும் பெரிதாக ஒன்றும் மாறிவிடவில்லை.

அவர் மலாக்கா டவுனில் ஓர் ஆபீஸில் நல்ல வேலையில் இருந்தார். தொண்ணூறுகளின் கடைசி அது. எங்கள் சொந்தத்தில் கம்ப்யூட்டர் இருந்த ஒரே வீடு அவருடையது. நான் அங்கே தங்கித்தான் பேக்டரிக்குப் போய்வந்தேன், அதனால் அந்தக் கூத்தைத் தினமும் பார்க்கும் பாக்கியம் கிடைத்தது. சாப்பாடு முடிந்ததும் போன் ஒயரைப் பிடுங்கிக் கம்ப்யூட்டரில் சொருகுவார். அது கீச்சென்று கத்தி, கரகரத்து, ஒருவழியாக அடங்கும். பிறகு இண்டர்நெட்டில் மலிவு தேடும் படலம். ஒரு சட்டையின் படம் மேலிருந்து கீழாக இறங்கும். முதலில் காலர். வெகுநேரம் கழித்துப் பை. கை முழுதாகத் தெரிவதற்குள் லைன் அறுந்துவிடும், மறுபடி காலரிலிருந்து. அக்கா பக்கத்தில் நாற்காலி போட்டு, வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருப்பாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் அம்மா போன் செய்வாள். அவள் ஜாசின் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தாள். மருமகனுக்கு என்ன கலர் பிடிக்கும் என்று கேட்க, மளிகைக்கடை வாசலிலிருந்த பொதுத் தொலைபேசியில் சுழற்றிச் சுழற்றிப் பார்ப்பாள். எப்போதும் எங்கேஜ். அக்காவுக்கு அது தலைத் தீபாவளி. மாப்பிள்ளைத் துணியைத் தட்டில் வைத்து, ஓரத்தில் மஞ்சள் தடவி, அப்பா படத்துக்கு முன்னால் படைத்து, எண்ணெய் தேய்த்துக் குளித்து வருகிறவர் கையில் கொடுக்கவேண்டும். 'ஆம்பிளை இல்லாத வீடு, என்ன செஞ்சிடப் போகுது' என்று கல்யாணத்தில் யாரோ பேசியது அம்மாவின் காதுக்கு வந்திருந்தது. அந்தத் தட்டைத் தன் கையால் குறையில்லாமல் கொடுத்துவிட வேண்டும், அவளுக்கு வேறு ஆசையே இல்லை.

கடைசியில் அம்மாவே பஸ் ஏறி வந்துவிட்டாள். ஜாசின் துணிக்கடையில் ஒரு வேட்டி சட்டை பார்த்துவைத்திருப்பதாகச் சொன்னாள்.

"ஜாசின்லயா? தீபாவளி நேரத்துல தலையில மொளகா அரைச்சிருவான் அத்தை," என்றார் மாப்பிள்ளை. "அமெரிக்காக்காரன் சேல் போட்டிருக்கான். நான் பாத்துட்டேன். நீங்க எடுத்துக் குடுத்ததா வச்சுக்குவோம்."

அம்மா அக்காவைப் பார்த்தாள். "அவரு சொல்றதும் சரிதானேம்மா," என்றாள் அக்கா. அவள் முதுகில் ஒன்று வைக்கலாம் போலிருந்தது எனக்கு. துணிக்கென்று வைத்திருந்த பணத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு அம்மா பஸ் ஏறினாள்.

பகலில் வீட்டில் ஆள் இருக்காது என்பதால், பார்சலுக்குத் தோட்டத்து விலாசத்தைக் கொடுத்திருந்தார். எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. தோட்டத்தில் தபால் வீட்டுக்கு வராது, ஆபீஸுக்குத்தான் போகும். அங்கே கணக்கெழுதும் கிராணி கூப்பிட்டுக் கொடுப்பார். தீபாவளிக்கு முதல் நாள் மத்தியானம் பார்சல் வந்தது. கிராணி அதை மேசைமேல் வைத்துவிட்டு, ஆபீஸைப் பூட்டி, சாவியோடு தைப்பிங்கிலிருந்த தன் வீட்டுக்குத் தீபாவளி கொண்டாடப் போய்விட்டார். அவரும் தமிழர்தானே. சாயங்காலம் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது காவலுக்கு இருந்த ஜாகா இதைச் சொன்னார். ஜன்னல் கண்ணாடி இடுக்கில் எட்டிப் பார்த்தோம். பார்சல் நன்றாகவே தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கைப்பையை எடுத்து, என் தோளைத் தொட்டாள். "ஜாசின்ல கடை தொறந்துதான் இருக்கும் மாப்பிள்ளை. இவளோட மோட்டர்ல போயி எடுத்துட்டு வந்துடுறேன்."

"வேணாம் அத்தை. ஒரு ஆளுக்கு ரெண்டு சட்டையா? மெம்பாசீர்லா, காசு வீண். நீங்க எடுத்தாலும் நான் போட மாட்டேன்."

"அப்ப தட்டுல என்ன வைக்கிறது?"

அவர் பையைத் திறந்து ஒரு தாளை எடுத்தார். இண்டர்நெட்டில் பார்த்த அந்த நீலச் சட்டையைக் கலரில் அச்சடித்து வைத்திருந்தார். "இதை வச்சிடுங்க. சும்மா பார்மலிட்டிதானே," என்றார்.

அந்தத் தாளை அவர் வாயிலேயே திணிக்கவேண்டும் என்று எனக்கு வெறி வந்தது. அம்மா என் கையைப் பிடித்து அடுப்படிக்கு இழுத்துப் போனாள். அழவில்லை. முறுக்கு மாவைப் பிசைந்தாள், தேவைக்கு அதிகமாகவே பிசைந்தாள்.

மறுநாள் காலை, பக்கத்து வீட்டு அத்தைகளும் சித்திகளும் புது மாப்பிள்ளையைப் பார்க்க வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அவர் எண்ணெய் முழுகி, இடுப்பில் துண்டோடு ஹாலுக்கு வந்தார். அப்பா படத்துக்கு முன்னால் தட்டு இருந்தது. வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், நடுவில் அந்தத் தாள். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தாள் அம்மா. சூடம் காட்டினாள். தட்டை இரண்டு கைகளாலும் எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"போட்டுக்கிட்டு வாங்க மாப்பிள்ளை."

அவர் சிரித்தபடி தாளை எடுத்துக்கொண்டார். அம்மா சிரிக்கவில்லை, நகரவும் இல்லை.

"எல்லாரும் பாக்கணும்னு காத்திருக்காங்க. போட்டுக்கிட்டு வாங்க."

ஓர் அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். மாப்பிள்ளையின் ஈரத் தலையிலிருந்து தண்ணீர் சொட்டித் தாள் நனைந்தது. சட்டையின் நீலம் கரைந்து அவர் மணிக்கட்டு வழியாக ஒழுகியது. அறைக்குள் போனவர், முந்தின நாள் பயணத்தில் கசங்கிய சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். அக்கா அம்மாவோடு பேசவில்லை, பலகாரத்தையும் தொடவில்லை. அவள் பங்கையும் சேர்த்து நான் தின்றேன்.

லீவு முடிந்து பார்சல் கைக்கு வந்தது. சட்டையில் ஒரு குறையும் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். நல்ல துணி, அளவும் சரி. அம்மா அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

அடுத்த தீபாவளிக்கு அவள் ஜாசின் கடையில்தான் எடுத்தாள். மஞ்சள் தடவித் தட்டை நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டு, "எவ்வளவு..." என்று ஆரம்பித்தார். அம்மா நிமிர்ந்து பார்த்தாள். அவர் போய்ப் போட்டுக்கொண்டு வந்தார்.