பதினோரு ஓட்டைகள்

கொத்தனாரை எல்லோரும் 'தூக்குக்குண்டு' என்றுதான் கூப்பிடுவார்கள். எந்தக் கோணலையும் கண்ணால் பார்த்தே சொல்லிவிடுவார், அடுத்தவர் சுவர் என்றால். தம் வீட்டுத் தடுப்புச்சுவர் வயிறு தள்ளிக்கொண்டு நின்றதை இரண்டு மழைக்காலமாக அவர் பார்க்கவில்லை. பார்க்க விரும்பவில்லை என்பதே சரி.

மலைச்சரிவில் அவர் வீடு மேலே, சுவருக்குக் கீழே அக்கா வீடு. மண்ணுக்குள் இறங்கும் மழைநீர் வெளியேற, கட்டும்போதே பதினோரு குழாய்த்துண்டுகளைப் பதித்திருந்தார். அந்தத் தண்ணீர் செம்மண்ணோடு அக்காவின் துணிக்கொடியில் தெறித்தது. "தம்பி கட்டின சுவரு என் சேலைக்குச் சாயம் போடுது" என்று அவள் மூன்று வருஷம் குத்திக்காட்டினாள். ஒருநாள் கோபத்தில் பதினோரு ஓட்டையையும் சிமெண்ட் வைத்துப் பூசிவிட்டார்.

பக்கத்து மலைச்சரிவு பெயர்ந்து விழுந்து நாலு வீடுகள் புதைந்த பிறகு புதுச் சட்டம் வந்தது. ஆளுயரத்துக்கு மேற்பட்ட தடுப்புச்சுவர் எல்லாவற்றையும் மழைக்கு முன் சோதிக்க வேண்டும். சொந்தக்காரரே குறையைச் சொன்னால், சரிசெய்ய முப்பது நாள். மறைத்து அகப்பட்டால், மேலும் கீழும் உள்ள வீடுகள் அன்றே காலி. சட்டங்கள் பெரும்பாலும் மனிதனை அயோக்கியனாகவே பார்க்கின்றன. இதை எழுதியவர், தவறு செய்தவன் வாயைத் திறக்க ஓர் இடைவெளி விட்டிருந்தார். அந்த அளவுக்கு மெச்சலாம்.

"இன்னிக்கு இன்ஜினியரம்மா வர்றாங்க. சொல்லிடுங்க" என்றாள் மனைவி.

"என்னன்னு? முப்பது வருஷக் கொத்தனாரு ஓட்டைய அடைச்சான்னு தெரிஞ்சா எவன் வேலைக்குக் கூப்பிடுவான்?"

"வீடே போனப்புறம் எங்கேருந்து வேலைக்குக் கிளம்புவீங்க?"

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு சுவரடிக்கு இறங்கினார்.

இன்ஜினியரம்மா சுவரடியில் நின்று ஃபாரத்தை விரித்தார். "நான் பாக்கிறதுக்கு முன்னாடி நீங்க ஏதாவது சொல்லணுமா?"

கொத்தனார் கீழே கொடியில் காய்ந்த சேலையைப் பார்த்தார். "தண்ணி போற ஓட்டையெல்லாம் நான்தான் மேடம் அடைச்சேன்."

அக்கா துணியை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தாள். "அவன் சும்மா சொல்றான். அடைக்கச் சொன்னது நான்."

"நீ சொன்னா? தண்ணி எங்க போகும்னு எனக்குல்ல தெரியணும்?"

"என் பேச்ச என்னிக்குடா கேட்டே? அன்னிக்கு மட்டும் ஏன் கேட்டே?"

"ஃபாரத்துல ஒரு கையெழுத்துக்குத்தான் இடம் இருக்கு" என்றார் இன்ஜினியரம்மா. "சண்டைய முடிச்சிட்டு ஒருத்தர் போடுங்க."

கொத்தனார் போட்டார்.

இன்ஜினியரம்மா நூல் பிடித்து அளந்தார். வயிறு இரண்டு விரற்கடை. "தப்பிச்சீங்க. அடி இன்னும் நகரல. இப்பவே திறங்க, முட்டுச்சுவர் ரெண்டு கட்டுங்க."

கொத்தனார் ஓரமாக நின்று உளியை வைத்தார். முதல் இரண்டு ஓட்டைகளில் ஈரம்கூட இல்லை. மூன்றாவதில் செந்நீர் பீறிட்டு அக்காவின் கொடிவரை பாய்ந்தது. சாயந்தரத்துக்குள் பதினொன்றும் ஒழுகின. முதுகில் ஏற்றிய மூட்டையை யாரோ இறக்கியதுபோல அவர் அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

கையெழுத்துப் போட்ட செய்தி தெருவெல்லாம் பரவியது. அடுத்த வாரம் நாலு வீட்டுக்காரர்கள் ஆளுக்கொரு மழுப்பலோடு அவரைத் தேடி வந்தார்கள். அவர்களும் அடைத்திருந்தார்கள்.

முப்பதாம் நாளுக்கு முன்பே முட்டுச்சுவர்கள் எழுந்தன. முதல் பெருமழையில் சுவர் அசையவில்லை. கீழிருந்து அக்காவின் குரல் வந்தது: "டேய், மறுபடியும் சாயம் போடுதுடா!"

"போடட்டும்க்கா!" என்று அவர் சன்னல் வழியே கத்தினார். "கொடிய மாத்திக் கட்டு!"

"நேத்தே கட்டிட்டேன்" என்றாள் அக்கா. "சும்மா சொல்லிப் பாத்தேன்."